கைக்கடிகாரம் கேட்டு எழுதும் பிழைகள்

குழித்தறியில் அமர்ந்து நெய்பவருக்கு வேலை நேரத்தில் ஓய்ந்திருக்கும் உறுப்பு வாய் ஒன்றே. கால்கள் மிதியில் இருக்கும். ஒரு கை நாடாவை ஓட்டும் கயிற்றைப் பிடித்திருக்கும். மற்றொரு கை அச்சுப்பலகையை அடித்துக்கொண்டிருக்கும். வயலில் களையெடுப்பவருக்கோ கை முழுதும் சேறு. இவ்விருவரும் நூல் கேட்டோ வண்டி கேட்டோ ஒருவருக்குச் செய்தி அனுப்ப வேண்டுமாயின், வேலையை நிறுத்திக் கையைத் துடைத்துக் கைப்பேசியை எடுத்தாக வேண்டியிருந்தது. இப்பொழுது ஸ்மார்ட் வாட்ச் என்று வழங்கும் கைக்கடிகாரம், பிள்ளைகள் வாங்கிக் கொடுத்ததாகவும் பண்டிகைத் தள்ளுபடியில் கிடைத்ததாகவும், அங்கத்தினர் சிலருடைய மணிக்கட்டிலும் ஏறிவிட்டது. அதனை வாயருகே கொணர்ந்து பேசினால், பேச்சை எழுத்தாக்கி உரியவருக்கு அனுப்பிவிடுகிறது. இது பெரிய சௌகரியம் என்பதில் ஐயமில்லை. ஆனால் நாம் சொன்னது ஒன்று, அது எழுதியது வேறொன்று என்று ஆகிவிடின் நேரும் நஷ்டம் எவரைச் சார்ந்தது? கடிகாரத்தைச் சார்ந்தது அன்று.

'இந்த வாரம் பாவு அனுப்ப வேண்டாம்' என்று ஒருவர் சொல்லுவதாக வைத்துக்கொள்வோம். பேச்சு வழக்கில் 'வேணாம்' என்பதற்கும் 'வேணும்' என்பதற்கும் உள்ள வேற்றுமை நடுவில் நிற்கும் ஓர் உயிரொலி மட்டுமே. தறியோசையில் அவ்வொலி அமிழ்ந்துபோனால், வேண்டாம் என்று சொன்ன பாவு வந்து வாசலில் நிற்கும். கூலியும் வண்டிச் சத்தமும் யார் தலையில் என்ற வழக்கு அதன் பின்னர் எழும். மறுப்பைச் சொல்லின் இறுதியில் ஓரசையில் வைத்திருப்பது நம் மொழியின் இயல்பு. மனிதர் முகம் பார்த்துப் பேசுகையில் தலையசைப்பும் குரலின் போக்கும் அதற்குத் துணை நிற்கின்றன. கடிகாரத்திற்கு அத்துணை இல்லை. ஆதலின் மறுத்துச் சொல்ல வேண்டிய செய்தியை வேறு வினைகொண்டு சொல்லுதலே தக்கது. 'பாவு அனுப்புவதை நிறுத்தி வைக்கவும்' என்றால், ஓர் எழுத்துப் பிழையானாலும் பொருள் தலைகீழாகாது. 'தண்ணீர் திறக்க வேண்டாம்' என்பதைக் காட்டிலும் 'மடையை மூடியே வைக்கவும்' என்பது பத்திரமானது.

எண்களின் கதி இதனினும் மோசம். 'இருபது', 'அறுபது' என்னும் இரண்டையும் வேகமாகச் சொல்லிப் பாருங்கள். பெரும்பாலோர் நாவில் ரகரத்திற்கும் றகரத்திற்கும் பேதம் இல்லை. எஞ்சுவது முதலெழுத்து மட்டுமே. இருநூறு, அறுநூறு என்பவையும் அவ்வாறே. ஒன்பதும் ஐம்பதும், எழுபதும் எண்பதும், பதினாறும் பதினேழும் ஒன்றையொன்று நெருங்கி நிற்பவை.

நூல் விஷயத்தில் இதன் விளைவைக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு ராத்தல் பருத்தி நூலில் 840 கெஜம் நீளமுள்ள சிட்டங்கள் எத்தனையோ அத்தனையே அந்நூலின் நம்பர் என்பது நெசவாளர் அறிந்தது. அதன்படி 20-ஆம் நம்பர் நூல் ராத்தலுக்கு 16,800 கெஜம். 60-ஆம் நம்பர் நூல் 50,400 கெஜம். 'அறுபதாம் நம்பர்' என்று சொன்னது 'இருபதாம் நம்பர்' என்று எழுதப்பட்டுப் போனால், ஒரே நீளத்திற்கு மும்மடங்கு எடையுள்ள நூல் வந்து சேரும். 60-ஆம் நம்பருக்கென்று அமைத்த அச்சில் அதனைக் கொண்டு நெய்ய வழியில்லை. நூலைத் திருப்பி அனுப்பலாம். ஆனால் தறி நின்ற நாட்களின் கூலியை எவரும் திருப்பி அனுப்பார்.

விவசாயிக்கு இதே ஆபத்து மருந்தின் அளவில் இருக்கிறது. தெளிப்பு மருந்து ஒரு லிட்டர் நீருக்கு இத்தனை மில்லி என்பதைத் தோட்டத்திலிருந்து ஒருவர் சொல்ல, வீட்டிலுள்ளவர் கைப்பேசியில் படித்துக் கலக்குகிறார் என்றால், இடையில் ஒரு பூச்சியம் கூடினாலும் பயிர் கருகும்; குறைந்தால் பூச்சி சாகாது, பணம் போகும். மருந்தின் அளவை மட்டும் வாய்ச்சொல்லால் எழுதி அனுப்பவே கூடாது என்பது எம் உறுதியான கருத்து. புட்டியின் மேல் ஒட்டியுள்ள சீட்டைப் பார்த்தே கலக்க வேண்டும். அன்றி, அச்சீட்டைப் படமெடுத்து அனுப்பலாம்.

நிற்க. இந்தக் கருவி ஏன் இவ்வாறு பிழை செய்கிறது என்பதைச் சிறிது அறிந்துகொண்டால், பிழையைத் தவிர்க்கும் வழி தானே புலப்படும்.

பேச்சைக் கேட்டறியும் இயந்திரம் இன்று நேற்றுத் தோன்றியதன்று. 1952-ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தார் 'ஆட்ரி' என்னும் இயந்திரத்தைச் செய்தனர். பூச்சியம் முதல் ஒன்பது வரையுள்ள இலக்கங்களை, இடையிடையே நிறுத்திச் சொன்னால், அது அறிந்துகொள்ளும். அதுவும் பழகிய குரலாக இருந்தால் மட்டுமே நன்கு அறியும். 1962-ஆம் ஆண்டு சியாட்டில் நகரில் நடந்த உலகப் பொருட்காட்சியில் ஐ.பி.எம். நிறுவனத்தார் காட்டிய 'ஷூபாக்ஸ்' என்னும் கருவிக்குத் தெரிந்த சொற்கள் 16 மட்டுமே. பத்து இலக்கங்களும், கூட்டு, கழி என்பன போன்ற ஆறு கட்டளைகளும். நிறுத்தாமல் இயல்பாகப் பேசுவதை எழுத்தாக்கும் முறை பொதுமக்கள் வாங்கும் நிலைக்கு வந்தது 1997-இல். தமிழைப் பொறுத்தவரை, 2017-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் கூகிள் நிறுவனம் தன் குரல்வழி எழுதும் வசதியில் தமிழ் உள்ளிட்ட எட்டு இந்திய மொழிகளைச் சேர்த்தது ஒரு முக்கியமான படி.

கடிகாரத்தின் ஓரத்தில் ஊசித்துளை போன்றதொரு சிறு துவாரம் இருக்கும். அதனுள்ளே இருப்பது ஒலிவாங்கி. நம் குரலலையை வினாடிக்குப் பல்லாயிரம் முறை அளந்து எண்களாக்குகிறார்கள். பேச்சறியும் முறைகளில் 16,000 முறை என்பது பொதுவழக்கு. அவ்வெண்களை மிகச் சிறு துண்டுகளாகப் பகுத்து, ஒவ்வொரு துண்டும் எவ்வெழுத்தின் ஒலிக்கு நெருங்கியது என்று இயந்திரம் மதிப்பிடுகிறது. அத்துடன் நின்றுவிடுவதில்லை. எந்தச் சொல்லை அடுத்து எந்தச் சொல் வருவது வழக்கம் என்பதை ஏராளமான எழுத்துக்களையும் பேச்சுக்களையும் கொண்டு முன்பே அதற்குப் பழக்கியிருக்கிறார்கள். காதில் விழுந்ததையும் இந்த வழக்கையும் சீர்தூக்கிப் பார்த்து, எது மிகுதியும் நேரக்கூடியதோ அதனையே எழுதுகிறது. ஆகவே அது கேட்டு எழுதுவது பாதி, ஊகித்து எழுதுவது பாதி எனலாம்.

இந்த ஊகம் நகரத்துப் பேச்சுக்கு உதவும் அளவு நம் தொழிற்சொற்களுக்கு உதவுவதில்லை. 'ஊடை' என்றால் 'உடை' என்று எழுதக்கூடும். 'பாவு' என்பதைப் 'பாபு' என்று ஓர் ஆளாக்கிவிடக்கூடும். 'களை' என்பது 'கலை' ஆவதும், 'விலை' என்பது 'வேலை' ஆவதும் எதிர்பார்க்கத் தக்கவையே. மாட்டுக்குக் 'கொள்ளு' கேட்டவர் 'கொல்லு' என்ற செய்தியைக் கண்டு திடுக்கிடவும் இடமுண்டு! லகர, ளகர, ழகர பேதம் நம் ஜில்லாக்கள் பலவற்றில் பேச்சில் தேய்ந்துவிட்டது. தேய்ந்ததை இயந்திரம் எங்கிருந்து கொண்டுவரும்? பக்கத்தில் நிற்கும் சொல்லிலிருந்துதான். எனவே ஒற்றைச் சொல்லாகச் சொல்லாமல் துணைச்சொல்லோடு சொல்ல வேண்டும். 'ஊடை தீர்ந்தது' என்பதைவிட 'ஊடை நூல் கண்டு தீர்ந்தது' என்பதில் சரியாக எழுத வாய்ப்பு அதிகம். 'வாழை' என்று மட்டும் சொல்லாமல் 'வாழைத்தார்' என்றோ 'வாழைக்கன்று' என்றோ சொல்லலாம்.

இதிலிருந்து மற்றொன்றும் விளங்கும். கடிகாரத்திற்குப் புரிய வேண்டுமென்று எழுத்தெழுத்தாகப் பிரித்து உரக்கக் கத்துவோர் உண்டு. அது பயனற்றது, கெடுதலுங்கூட. இயல்பாகத் தொடர்ந்து பேசும் பேச்சைக் கொண்டே அதனைப் பழக்கியிருப்பதால், துண்டு துண்டாக வரும் ஒலி அதற்குப் புதியது. சற்று நிதானமாக, முழு வாக்கியமாக, பள்ளிப் பிள்ளைக்குச் செய்தி சொல்லி அனுப்புவதுபோல் சொன்னால் போதும். ஆனால் சொல்லுமுன் வாக்கியத்தை மனத்தில் அமைத்துக்கொள்வது அவசியம். நடுவில் 'வந்து... வந்து...' என்று தயங்கி நின்றால், பேச்சு முடிந்ததென்று எண்ணிக் கடிகாரம் கேட்பதை நிறுத்திவிடும்.

மொழி அமைப்பு என்பதொன்று உண்டு. பெரும்பிழைகள் பலவற்றிற்கு மூலம் இதுவே. கடிகாரம் ஆங்கிலத்திற்கென்று அமைக்கப்பட்டிருக்கையில் அதனிடம் தமிழில் பேசினால், அது தமிழொலிக்கு ஒத்த ஆங்கிலச் சொற்களை வரிசையாக எழுதிவைக்கும். அதனைக் கருவியின் கோளாறு என்று கடைக்கு எடுத்துச் செல்வது வீண் அலைச்சல். மேலும், கைப்பேசியில் தமிழ் இருப்பதால் கடிகாரத்திலும் இருக்கும் என்று எண்ணலாகாது. கேட்டு எழுதும் மொழிகளின் பட்டியல் கடிகாரத்தின் வகைதோறும் வேறுபடுகிறது. வாங்குமுன் கடையிலேயே தமிழில் இரண்டு வாக்கியமும் நான்கு எண்ணும் சொல்லிப் பார்த்து, அதன் பின்னரே பணம் கொடுக்க வேண்டும். வீட்டில் தெலுங்கோ, கன்னடமோ, சௌராஷ்டிரமோ பேசும் நெசவுக் குடும்பத்தார் கடிகாரத்திடம் பேசும்போது எம்மொழியை அமைத்திருக்கிறார்களோ அம்மொழியிலேயே முழுதும் பேசுதல் நலம்.

அடுத்து ஓசை. விசைத்தறிக் கூடத்தினுள் இரைச்சல் 90 டெசிபலைத் தாண்டுவது சாதாரணம். ஒருவர் இயல்பாகப் பேசும் பேச்சு, ஒரு மீட்டர் தூரத்தில் 60 டெசிபல் அளவே இருக்கும். வாய்க்கும் கருவிக்கும் உள்ள தூரத்தைப் பாதியாக்கும்தோறும் ஏறக்குறைய 6 டெசிபல் கூடும். ஒரு மீட்டர் அரை மீட்டராகி, கால் மீட்டராகி, அரைக்கால் மீட்டரானால், அதாவது அரைச் சாணுக்குச் சற்று மேற்பட்ட தூரத்திற்கு வந்தால், 60 என்பது 78 ஆகும். இது குழித்தறிக்கும் வயல்வெளிக்கும் தாராளமாகப் போதும். விசைத்தறிக் கூடத்திலோ அப்பொழுதும் தறியே ஜெயிக்கும்; அங்கே உரக்கப் பேசுவதால் தொண்டை நோவதன்றிப் பயனில்லை. கூடத்தை விட்டு வெளியே வந்து, கதவைச் சாத்திக்கொண்டு பேசுவதே வழி. கைத்தறி நெசவாளரும் செய்தி சொல்லும் சில வினாடிகளுக்கு அடிப்பதை நிறுத்தலாம். ஒரு செய்திக்குப் பத்து வினாடிக்கு மேல் ஆகாது.

வாயருகே என்றால் உதட்டில் ஒட்டிக்கொண்டு என்பதன்று. பகர ககரங்களைச் சொல்லும்போது மூச்சு வெடித்து வெளிவரும். அது நேராகத் துவாரத்தில் பாய்ந்தால் வேறொரு இரைச்சலாகும். சற்று ஓரமாகப் பிடிக்க வேண்டும். துவாரம் எப்பக்கம் இருக்கிறது என்பதை உடன்வந்த சிறு புத்தகத்தில் பார்த்து, அப்பக்கம் வாயை நோக்கியிருக்கும்படி கையைத் திருப்பினால் போதும். வயலில் காற்று வீசினால் காற்றுக்கு முதுகு காட்டி நிற்பது நல்லது. முழுக்கைச் சட்டையின் விளிம்பு துவாரத்தை மூடிக்கொள்வதும் உண்டு. பல கடிகாரங்கள் குரலைக் கைப்பேசிக்கோ, அதன் வழியே தொலைவிலுள்ள கணினிக்கோ அனுப்பித்தான் எழுத்தாக்குகின்றன. ஆகையால் கைப்பேசியை வீட்டில் வைத்துவிட்டுத் தோட்டத்தின் கடைசி வரப்பிலிருந்து பேசினால், பாதி வாக்கியம் எழுதி நின்றுவிடலாம். புதியனவற்றுள் சில, கடிகாரத்திற்குள்ளேயே எழுத்தாக்க வல்லவை.

எண்ணைச் சொல்லும் முறை

இதற்கு எம் யோசனை பழைய தந்தி அலுவலகத்தின் வழியைத் தழுவியது. நம் நாட்டில் தந்திச் சேவை 2013-ஆம் ஆண்டு ஜூலை மாதத்துடன் முடிவுற்றது. அதன் நல்ல பழக்கங்களையும் அதனோடு அடக்கம் செய்ய வேண்டியதில்லை. முக்கியமான எண்ணைத் திரும்பச் சொல்லிச் சரிபார்ப்பது அவற்றுள் ஒன்று. 'அறுபதாம் நம்பர் நூல், ஆறு பூச்சியம்' என்று இரண்டு விதமாகச் சொல்லுங்கள். இரண்டும் ஒத்தால் பெறுபவர் நம்பலாம். ஒன்றுக்கொன்று முரண்பட்டால் அவர் உடனே கேட்பார். பிழை நேராமற் செய்வது நம் கையில் இல்லை. நேர்ந்த பிழை கண்ணுக்குத் தெரியும்படி செய்வது நம் கையில் இருக்கிறது.

இரண்டு எண்களை அடுத்தடுத்துச் சொல்லவே கூடாது. சிவப்புச் சாயம் 200 கிராமும் நீலச் சாயம் 50 கிராமும் வேண்டி, 'சிவப்பு நீலம் இருநூறு ஐம்பது' என்றால், கடிகாரம் 250 என்று எழுதும். அதனைப் பிழை என்றும் சொல்ல முடியாது. தமிழில் சொல்லும்போது காற்புள்ளி, முற்றுப்புள்ளி தானே விழும் என்று எதிர்பார்க்கக் கூடாது. ஆகையால் பொருள், எண், அளவு என்ற வரிசையில், 'சிவப்புச் சாயம் இருநூறு கிராம், நீலச் சாயம் ஐம்பது கிராம்' என்று சொன்னால், நிறுத்தக்குறி இல்லாவிடினும் பொருள் மயங்காது. பாங்குக் கணக்கு எண், பெரிய தொகை ஆகியவற்றைக் கடிகாரத்தில் சொல்லாமல் கைப்பேசியில் தட்டியே எழுத வேண்டும். இரகசியக் குறியெண்ணையோ எவ்வழியிலும் எவருக்கும் அனுப்பலாகாது. கருவியிடம் சொன்னது நம்மோடு நின்றுவிடும் என்று எண்ணுவதற்கில்லை. 2019-ஆம் ஆண்டில் ஆப்பிள் நிறுவனத்தின் 'சிரி' உதவியாளரிடம் மக்கள் பேசியவற்றுள் ஒரு பகுதியை, தரம் பார்ப்பதற்கென்று, ஒப்பந்த ஊழியர்கள் கேட்டு வந்தது வெளியாயிற்று. கண்டனம் எழுந்தபின் அந்நிறுவனம் அதனை நிறுத்தி, சம்மதித்தவர் குரலை மட்டுமே கேட்பதென்று மாற்றியது.

அனுப்புமுன்னும் அனுப்பியபின்னும்

சிறு முகப்பில் முழுச் செய்தியையும் படிப்பது வயதானவர்க்குச் சிரமமே. எழுத்தின் அளவைப் பெரிதாக்கும் வசதி அமைப்பில் இருக்கிறது; அதனை முதலிலேயே செய்துகொள்ள வேண்டும். அப்படியும் இயலாவிடில், எண்ணையும், வினைமுற்றையும், பெறுபவர் பெயரையும் மட்டுமாவது பார்க்காமல் அனுப்பக் கூடாது. பிழையான ஒரு சொல்லைத் தொட்டுத் திருத்த முயன்று, விரல் தடித்து வேறொன்றைத் தொட்டு அவதிப்படுவதைவிட, முழுவதையும் அழித்துவிட்டு மீண்டும் சொல்வது விரைவானது. இரண்டாம் முறையும் அதே சொல்லில் தவறினால், அச்சொல்லை விட்டு வேறு சொல்லால் சொல்ல வேண்டும். மூன்றாம் முறை அதனுடன் வாதாடுவதில் பொருளில்லை. குரலால் கட்டளையிட்டால் கேளாமலே செய்தியை அனுப்பிவிடும் அமைப்பு சில கருவிகளில் உண்டு. அது இயங்குகிறதா என்று பார்த்து நிறுத்திவைப்பது முதல் வேலை.

அனுப்பியபின் பிழை தெரிந்தால், வாட்ஸப்பில் 15 நிமிஷங்களுக்குள் செய்தியைத் திருத்த 2023-ஆம் ஆண்டு மே மாதம் முதல் வசதி இருக்கிறது. எனினும் பெறுபவர் அதற்குள் படித்துக் காரியத்தில் இறங்கியிருக்கலாம். நூலோ பணமோ சம்பந்தப்பட்டதாயின் நேரில் கூப்பிட்டுப் பேசிவிடுவதே முறை.

எழுத்தே வேண்டியதில்லாத செய்திகளும் பல. குரலை எழுத்தாக்காமல் குரலாகவே அனுப்பும் வசதி பல கடிகாரங்களில் உண்டு. இரைச்சலுக்கு நடுவே பழகிய குரலை இனங்காணுவதில் மனிதனின் காது வல்லது. மேலும், நாம் சொன்னது என்ன என்பதற்குக் குரலே சாட்சியாக நிற்கும். அடிக்கடி அனுப்பும் செய்திகளை முன்கூட்டியே எழுதிவைத்துக்கொண்டு, வேண்டும்போது தொட்டு அனுப்பும் ஏற்பாடும் இருக்கிறது. 'பாவு முடிந்தது, ஆள் அனுப்பவும்', 'ஊடை நூல் தீர்ந்தது', 'மோட்டாரை நிறுத்தவும்', 'வேலையில் இருக்கிறேன், மாலையில் பேசுகிறேன்' என்று ஐந்தாறு வாக்கியங்களைப் படித்த பிள்ளை ஒருவரைக் கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை கைப்பேசியில் எழுதிவைத்துவிட்டால், நாள்தோறும் அனுப்பும் செய்திகளில் பெரும்பாலானவற்றிற்குக் கடிகாரம் எதையும் கேட்டு எழுத வேண்டியிராது.

சொல் பிழைப்பதைவிட ஆள் பிழைப்பது கொடிது. 'செல்வத்துக்கு அனுப்பு' என்றால் 'செல்வி'க்கும், 'முருகனுக்கு' என்றால் நான்கு முருகன்களில் ஒருவருக்கும் செய்தி போகக்கூடும். கைப்பேசியில் பெயர்களைச் சேமிக்கும்போதே 'செல்வம் சாயப்பட்டறை', 'முருகன் டிராக்டர்' என்று தொழிலையோ ஊரையோ சேர்த்து வைத்தால், கடிகாரத்திற்கும் வேற்றுமை தெரியும், நமக்கும் தெரியும்.

பெறுபவர் பக்கத்திலும் பொறுப்பு உண்டு. சங்க அலுவலகத்தில் இருப்போர், கடிகாரத்திலிருந்து வந்த செய்தி என்று அறிந்தால், அதிலுள்ள எண்ணைத் திருப்பி எழுதி 'சரியா?' என்று கேட்டு, பதில் வந்தபின்னரே நூலை எடுத்துவைக்க வேண்டும். அனுப்புபவரும் செய்தியின் இறுதியில் 'சொல்லி எழுதியது' என்று சேர்த்துவிடுவது நல்ல வழக்கம். அவ்விரண்டு சொற்களைக் கண்டவர், 'உடை' என்பது 'ஊடை'யாக இருக்கலாம் என்று தாமே உய்த்துணர்வார்.

கடைசியாக ஒன்று. பல நாள் சரியாக எழுதிவந்த கடிகாரம் திடீரென்று உளறத் தொடங்கினால், முதலில் அந்த ஊசித்துளையைப் பாருங்கள். பஞ்சுத் துகளும் கஞ்சிப் பொடியும் நம் தொழிலிடத்தில் எங்கும் பறப்பவை. வயலில் சேறும் வியர்வையும். இவை துவாரத்தை அடைத்தால் குரல் மங்கும். மென்மையான உலர்ந்த தூரிகையால் மேலாகத் துடைத்துவிட வேண்டும். குண்டூசியை உள்ளே விடுவதோ, வாயால் பலமாக ஊதுவதோ கூடாது; ஊதினால் துகள் இன்னும் உள்ளே போகும். நீர் பட்டிருந்தால் நன்கு உலரும்வரை காத்திருக்க வேண்டும். அதற்குள் அனுப்ப வேண்டிய செய்தி இருந்தால் கைப்பேசியிலேயே பேசிக்கொள்ளலாம்.